நிலம் மட்டும் கையில் இருக்கும் மாநிலம்

கூலாயில் ‘கூலாய் யங் எஸ்டேட்’ என்றொரு தோட்டம் இருந்தது. பவுஸ்டெட் நிறுவனத்துக்குச் சொந்தமான அதன் பரப்பு 660 ஹெக்டேருக்கும் மேல். இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் ஒய்.டி.எல். குழுமம் அதை ஏறத்தாழ 43 கோடி வெள்ளிக்கு வாங்கியது. இப்போது அங்கே எழுந்துகொண்டிருப்பது தரவு மையப் பூங்கா. அதற்குத் திட்டமிட்டிருக்கும் மின்திறன் 500 மெகாவாட். 2023 டிசம்பரில் நிவிடியா நிறுவனத்தோடு கூட்டு அறிவிக்கப்பட்டபோது, வார இறுதியில் ஜொகூர்பாருவுக்குப் போகும் வழியில் மட்டுமே பலர் கண்டிருந்த ஊர்ப்பெயர் உலகப் பத்திரிகைகளில் அச்சானது. சற்று வடக்கே செடெனாக்கிலும் நடந்தது ஏறத்தாழ இதுதான். மாநில அரசின் ஜொகூர் கார்ப்பரேஷன் குழுமத்திடம் இருந்த செம்பனைக் காடு இன்று தொழில்நுட்பப் பூங்கா.

இந்த மாற்றத்தைச் சுற்றி ஜொகூரில் மூன்று விவாதங்கள் நடக்கின்றன. வரும் முதலீட்டால் உள்ளூர்க்காரன் சம்பளம் ஏறுமா என்பது ஒன்று. இத்தனை மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் எங்கே போவது என்பது இன்னொன்று. பிள்ளைகளை எந்தப் பள்ளியில், எந்த மொழியில், எந்த வேலைக்காகப் படிக்க வைப்பது என்பது மூன்றாவது. முதல் விவாதம் முதலீட்டு மாநாடுகளிலும், இரண்டாவது சட்டமன்றத்திலும் குடியிருப்புச் சங்கங்களிலும், மூன்றாவது பெரும்பாலும் அரண்மனை உரைகளிலும் பெற்றோர் கூட்டங்களிலுமாகத் தனித்தனியே நடக்கிறது. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் அடியில் ஒரே முடிச்சு தெரிகிறது. பணத்தைப் பற்றிப் பேசினாலும் மின்சாரத்தைப் பற்றிப் பேசினாலும் பள்ளியைப் பற்றிப் பேசினாலும், முடிவெடுக்கும் அதிகாரம் புத்ராஜெயாவில், அதாவது கூட்டரசிடம், இருக்கிறது. ஜொகூரின் கையில் முழுமையாக இருப்பது நிலம் ஒன்றுதான்.

கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணை இதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. நிதி, வரி, வர்த்தகம், மின்சாரம், கல்வி, தொழிலாளர் விவகாரம் எல்லாம் கூட்டரசுப் பட்டியலில். நிலம், காடு, ஊராட்சி மன்றங்கள், இஸ்லாமிய சமய விவகாரம் மாநிலப் பட்டியலில். தண்ணீர் விநியோகமும் மாநிலத்திடம்தான் இருந்தது. 2005-இல் அரசமைப்பைத் திருத்தி, சபா சரவாக் நீங்கலாக, பொதுப் பட்டியலுக்கு மாற்றினார்கள். நதியும் நீர்ப்பிடிப்புப் பகுதியும் மாநிலத்தின் பொறுப்பு, குழாயில் வரும் நீரின் கட்டணத்தைத் தீர்மானிப்பது கூட்டரசின் நீர்ச் சேவை ஆணையம் என்ற விசித்திர ஏற்பாடு அப்போது வந்தது.

இப்படிச் சொன்னால் மாநில அரசுக்கு வேலையே இல்லை என்று தோன்றும். அதுவும் சரியில்லை. வார விடுமுறை நாளைத் தீர்மானிப்பது மாநிலம். 2014-இல் ஜொகூர் வெள்ளி, சனிக்கு மாறியது. 2025 ஜனவரி 1 முதல் மறுபடி சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. ஒரே அறிவிப்பில் பள்ளி, அரசு அலுவலகம், சிங்கப்பூரோடு வணிகம் செய்யும் நிறுவனம், ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழா எல்லாவற்றின் நாள்கணக்கும் மாறிவிட்டது. அப்பா சிங்கப்பூரில் வேலை, பிள்ளை ஜொகூரில் பள்ளி என்றிருந்த வீடுகளில் பத்தாண்டுக் காலம் இருவருக்கும் பொதுவாக இருந்த விடுமுறை நாள் சனி ஒன்றுதான். மாநில அதிகாரம் குறுகலானது. ஆனால் படுகிற இடத்தில் ஆழமாகப் படும்.

நிலத்தைக் கொடுத்து வெளி முதலை வரவழைப்பது ஜொகூருக்குப் புதிதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜொகூரை ஆண்ட தெமங்கோங் இப்ராஹிம் காலத்தில், ஆற்றங்கரை ஒவ்வொன்றுக்கும் ஒரு அனுமதிப் பத்திரம் எழுதிச் சீனத் தலைவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் கங்சு எனப்பட்டனர். சிங்கப்பூர் வணிகர்களின் பணத்தில் மிளகும் கம்பீரும் விளைந்தன. கம்பீர் தோல் பதனிட உதவும் பயிர். அதை வேகவைக்கச் சுற்றியிருந்த காட்டையே விறகாக்கினார்கள். மண் சலித்ததும் அடுத்த ஆற்றுக்கு நகர்ந்தார்கள். 1917-இல் அந்த முறை ஒழிக்கப்பட்டபோது ரப்பர் வந்து இடம்பிடித்திருந்தது. 1909-இல் ஜொகூர்பாரு வரை ரயில் போட்ட பிறகு, சிகாமட், குளுவாங், கூலாய் என்று தண்டவாளத்தின் இருபுறமும் தோட்டங்கள் பெருகின. பால்மரம் வெட்ட வந்தவர்கள் நம் முன்னோர். கங்சுவுக்காவது ஒரு பத்திரம் இருந்தது. லயத்தில் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

1968-இல் மாநிலப் பொருளாதார மேம்பாட்டுக் கழகம், இன்றைய ஜொகூர் கார்ப்பரேஷன், உருவானது. 1970-களில் பாசீர் கூடாங் துறைமுகமும் தொழிற்பேட்டையும் வந்தன. நூற்றாண்டு முடியும் தறுவாயில் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2006-இல் 2,217 சதுர கிலோமீட்டர் பரப்பில் இஸ்கந்தர் மலேசியா. 2014-இல் கடலைத் தூர்த்து ஏழு லட்சம் பேருக்கென்று கட்டத் தொடங்கிய ஃபாரஸ்ட் சிட்டி. அந்தக் கடைசித் திட்டத்தின் காலி அடுக்குமாடிகளைப் பார்க்கவென்றே வெளிநாட்டு நிருபர்கள் வந்து போனது எல்லாருக்கும் தெரிந்த கதை. 2024 செப்டம்பரில் அதற்குச் சிறப்பு நிதி மண்டலத் தகுதி கொடுத்து, குடும்ப முதலீட்டு அலுவலகங்களுக்கு வரியே இல்லை என்று அறிவித்தார்கள். வரி விலக்கைக் கொடுத்தது புத்ராஜெயா. தூர்த்த கடலும் வாழ்வாதாரம் இழந்த மீனவர்களும் ஜொகூரின் கணக்கில்.

பொருளாதார விவாதத்தின் இன்றைய மையம் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலம். 2024 ஜனவரியில் புரிந்துணர்வு, 2025 ஜனவரி 7-இல் முழு ஒப்பந்தம். ஒன்பது முதன்மைப் பகுதிகள், 11 துறைகள், முதல் ஐந்தாண்டில் 50 திட்டங்கள், 20,000 திறன்சார் வேலைகள் என்பது இலக்கு. தகுதி பெறும் புதிய நிறுவனங்களுக்கு 15 ஆண்டுகள் வரை 5 விழுக்காடு மட்டுமே நிறுவன வரி. தகுதி பெறும் உயர்திறன் பணியாளர்களுக்குப் பத்தாண்டுகளுக்கு 15 விழுக்காடு வருமான வரி.

எண்கள் நன்றாகவே இருக்கின்றன. 2024-இல் ஜொகூர் பெற்ற அங்கீகரிக்கப்பட்ட முதலீடு 4,850 கோடி வெள்ளி. 2025-இன் முதல் காலாண்டில் மட்டும் 3,010 கோடி. அந்தக் காலாண்டில் நாட்டிலேயே முதலிடம். 2024-இல் மாநிலப் பொருளாதாரம் 6.4 விழுக்காடு வளர்ந்தது. மந்திரி பெசார் ஓன் ஹாஃபிஸ் காஸி இவற்றைப் பெருமையோடு சொல்வதில் தவறில்லை. 2022 மார்ச் தேர்தலில் 56-இல் 40 இடங்களை வென்று வந்த அரசு, பொருளாதாரத்தையே தன் முகவரியாக்கிக்கொண்டிருக்கிறது. கேட்பவர்தான் இரண்டு விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முதலீடு என்பது தாளில் இருக்கும் தொகை. கட்டடமாக எழும்போதுதான் அது பணம். தரவு மையத்தில் போடும் பணத்தில் பெரும்பகுதி சில்லும் கணினியும் குளிரூட்டியும் வாங்க வெளிநாட்டுக்கே திரும்பிவிடும். ஜொகூரில் தங்குவது கட்டுமானக் கூலி, நிலத்தின் விலை, மின்கட்டணம் ஆகியவைதாம்.

சம்பளத்துக்கு வருவோம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் 1,700 வெள்ளி. அந்தப் பக்கம் ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று வெள்ளிக்கும் மேல் கிடைக்கிறது. விடியுமுன் எழுந்து, மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து, இரவு வீடு திரும்பும் வாழ்க்கையை எவரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை, கணக்கு அப்படி. ஒவ்வொரு திசையிலும் மணிக்குப் பத்தாயிரம் பேரை ஏற்றிச் செல்லக்கூடிய ஆர்.டி.எஸ். ரயில் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வரை ஓடத் தொடங்கியதும் அந்தக் கணக்கு இன்னும் எளிதாகிவிடும். ஜொகூரின் தொழிற்சாலை முதலாளிகள் இதை வெளிப்படையாகச் சொல்லத் தயங்குவார்கள். ஆனால் அவர்களின் பெரிய கவலை ஆள் பற்றாக்குறை. ஜொகூர் திறனாளர் மேம்பாட்டு மன்றம் என்ற அமைப்பை மாநிலம் உருவாக்கியதும், இங்கேயே உயர்ந்த தொடக்கச் சம்பளம் தரச் சொல்லி நிறுவனங்களிடம் கேட்பதும் இதனால்தான். மாநிலத்தால் முடிந்தது கேட்பது. ஊதியச் சட்டம் அதன் கையில் இல்லை.

இதன் மறுபக்கம்தான் வரிப் பங்கு விவாதம். நிறுவன வரி, வருமான வரி, சுங்கம், சேவை வரி எல்லாம் கூட்டரசுக் கருவூலத்துக்குப் போகின்றன. திரும்பி வருவது தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்ட மானியம், மாநிலச் சாலை மானியம், பிறகு மத்திய அமைச்சுகள் விரும்பி ஒதுக்கும் திட்டங்கள். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் மாநிலத்தின் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அண்மைய ஆண்டுகளில் சுமார் 200 கோடி வெள்ளிதான். ஜொகூரில் திரட்டும் வரியில் கணிசமான பங்கு ஜொகூருக்கே வரவேண்டும் என்று இடைக்கால சுல்தான் துங்கு இஸ்மாயில் வெளிப்படையாக வற்புறுத்தி வருகிறார். சரவாக்கைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கூர்மை புரியும். 1963 மலேசிய ஒப்பந்தத்தின் பின்புலத்தில் சரவாக் தன் மின்வாரியத்தைத் தானே நடத்துகிறது, பெட்ரோலியப் பொருள்கள் மீது விற்பனை வரி போடுகிறது, அந்த வருவாயிலிருந்து தன் மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இலவசக் கல்வித் திட்டம் கொண்டுவருகிறது. பணம், மின்சாரம், படிப்பு மூன்றும் ஒரே கையில் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. ஜொகூரிடம் அப்படியொரு ஒப்பந்தம் இல்லை. 1895-இலேயே தனக்கென எழுத்து வடிவிலான அரசமைப்பைத் தந்துகொண்ட மாநிலம் அது என்பதை எண்ணினால், வரலாறு கொஞ்சம் கேலி செய்வதுபோலத்தான் இருக்கிறது.

மின்சார விவாதம் சிங்கப்பூரில் தொடங்குகிறது. 2019-இல் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்திவைத்தது. இடமும் மின்சாரமும் போதவில்லை. நிறுவனங்கள் நீரிணைக்கு இந்தப் பக்கம் பார்த்தன. 2021-இல் வெறும் 10 மெகாவாட் அளவில் இருந்த ஜொகூரின் தரவு மையத் திறன், கட்டுமானத்திலும் திட்டத்திலும் இருப்பவற்றைச் சேர்த்தால், 2024-க்குள் 1,300 மெகாவாட்டைத் தாண்டியது. தீபகற்பம் முழுவதன் உச்ச மின்தேவை 2024-இல்தான் 20,000 மெகாவாட்டைக் கடந்தது என்பதோடு வைத்துப் பார்த்தால் அந்த எண்ணின் கனம் தெரியும்.

இந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பொந்தியான் கடற்கரையில் தஞ்சோங் பின் அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன. 2,100 மெகாவாட் ஒன்று, பக்கத்திலேயே 1,000 மெகாவாட் இன்னொன்று. எரிவது இறக்குமதி நிலக்கரி. 2050-க்குள் நிறுவு திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று கூட்டரசு 2023-இல் அறிவித்த ஆற்றல் மாற்றத் திட்டம் சொல்கிறது. பெருநிறுவனங்கள் சூரிய மின்சாரத்தை உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாக வாங்க 2024-இல் வழி திறந்தது. ஆனால் தரவு மையம் இரவிலும் ஓடும். சூரியன் மறைந்த பிறகு கூலாயில் ஓடும் கணினிக்கு நிலக்கரியோ எரிவாயுவோதான் துணை. பெரிய மின்கலத் தொகுப்புகள் போதிய அளவில் வரும்வரை ‘பசுமைத் தரவு மையம்’ என்ற பெயர்ப்பலகையைப் பாதிப் பகலுக்கு மட்டும் நம்பலாம்.

கட்டணத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தின் அடிப்படை மின்கட்டணம் ஒரு கிலோவாட் மணிக்கு 45.40 சென். புதிய அமைப்பில் மிகை உயரழுத்தப் பயனீட்டாளர் என்று தனிப்பிரிவு வந்தது. பெரிய தரவு மையங்கள் அதில் விழுகின்றன. பெரும்பாலான வீடுகளுக்குச் சுமை ஏறாமல் பார்த்துக்கொண்டதாக அரசு சொல்கிறது. தண்ணீரிலும் அதே வழி. 2025 ஆகஸ்டு முதல் ஜொகூரில் தரவு மையங்களுக்கென்று தனிக் கட்டணம் வந்தது, ஒரு கன மீட்டருக்கு 5 வெள்ளி 33 சென். யார் எவ்வளவு இழுக்கிறாரோ அவர் அதற்கேற்பக் கொடுக்கட்டும் என்பது நியாயம். இரண்டு முடிவுகளும் கூட்டரசு ஒழுங்குமுறை அமைப்புகளின் வழியே வந்தவை என்பதைக் குறித்துக்கொள்வோம்.

தண்ணீர்தான் ஜொகூரில் எப்போதும் கூடுதலாகச் சுடும். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் எடுத்துக்கொள்ளச் சிங்கப்பூருக்கு உரிமை உண்டு. ஆயிரம் கேலனுக்கு விலை 3 சென், ஒப்பந்தம் 2061 வரை. அந்த ஆற்றுக்கு நீர் கூட்டும் லிங்கியூ நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் 20 விழுக்காட்டுக்கு வற்றிப்போனது. இப்படிப்பட்ட ஆற்றை நம்பியே குடியிருப்பும், தொழிற்பேட்டையும், இப்போது கணினிகளைக் குளிர்விக்கும் கோபுரங்களும் நிற்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரித்துத் தரவு மையங்களுக்குக் கொடுக்கும் திட்டங்களை மாநிலம் முன்வைப்பது சரியான திசை. அதை ஊக்கமாக அல்லாமல் கட்டாயமாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

தரவு மையத்தை எதிர்ப்பதா ஏற்பதா என்று கேட்பதே பயனற்ற கேள்வி. வந்தாகிவிட்டது. கேட்க வேண்டியது, வந்ததிலிருந்து உள்ளூருக்கு என்ன கிடைக்கிறது என்பதை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் லவுடன் என்ற மாவட்டம் உலகிலேயே தரவு மையங்கள் நெருங்கிக் கிடக்கும் இடங்களில் ஒன்று. அங்கே மாவட்ட நிர்வாகமே மையங்களுக்குள் இருக்கும் கணினிச் சாதனங்கள் மீது வரி போடுகிறது. அந்த வருவாயைக் கொண்டு வீட்டு வரியைக் குறைக்கவும் முடிந்தது. அயர்லாந்து வேறு பாடம் சொல்கிறது. 2023-இல் அந்த நாட்டின் அளவிடப்பட்ட மின்நுகர்வில் 21 விழுக்காடு தரவு மையங்களுக்கே போனது, நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து எடுத்ததைவிட அதிகம். டப்ளின் வட்டாரத்தில் புதிய இணைப்புகளை நிறுத்திவைக்க வேண்டி வந்தது. ஜொகூருக்கு அயர்லாந்தின் சுமை வரலாம். லவுடனின் வருவாய் வராது, ஏனெனில் இங்கே ஊராட்சி மன்றம் கட்டடத்துக்கு மதிப்பீட்டு வரி போடலாம், மாநிலம் நிலவரி வாங்கலாம், அதோடு நின்றுபோகும். கட்டடத்துக்குள் இருக்கும் கோடிக்கணக்கான வெள்ளி மதிப்புள்ள சாதனம் எவர் வரிக்கணக்கிலும் உள்ளூருக்கு வருவதில்லை.

வேலையும் அப்படியே. கட்டும்போது ஆயிரக்கணக்கானோர் தேவை. பலர் வெளிநாட்டுத் தொழிலாளர். கட்டி முடித்தபின் பெரிய மையம் ஒன்றைச் சில நூறு பேர் நடத்திவிடுவார்கள். கேலாங் பாத்தா வட்டாரத்தில் கட்டுமானத் தூசியும் இரைச்சலும் தாங்காமல் குடியிருப்பாளர்கள் முறையிட்டது செய்திகளில் வந்தது. அவர்களுக்கு உலகச் செயற்கை நுண்ணறிவுப் போட்டியில் ஜொகூரின் இடம் என்ன என்பது முக்கியமில்லை. சன்னலைத் திறக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

மாநிலம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2024 நடுவில் தரவு மைய ஒருங்கிணைப்புக் குழு ஒன்றை அமைத்தது. வந்த விண்ணப்பங்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை அக்குழு மறுத்ததாக அந்த ஆண்டின் இறுதியிலேயே தகவல் வெளிவந்தது. நிலமும் திட்ட அனுமதியும் மாநிலத்திடமும் ஊராட்சி மன்றங்களிடமும் இருப்பதால்தான் அது முடிந்தது. இந்தக் கட்டுரைக்கு இது முக்கியமான செய்தி. பின்னால் திரும்ப வருவேன்.

ஆற்றலையும் பொருளாதாரத்தையும் கல்வியையும் பிரித்துப் பேசுவோருக்குப் பாசீர் கூடாங்கில் 2019 மார்ச்சில் நடந்ததை நினைவூட்டலாம். கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். நச்சுக் காற்று பள்ளிகளுக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி நாடினர். மார்ச் 13-ஆம் தேதி அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. சில மாதங்களில் மீண்டும் ஒரு முறை காற்று கெட்டது, மீண்டும் பள்ளிகள் மூடப்பட்டன. பள்ளியைத் திறப்பதும் மூடுவதும் கூட்டரசுக் கல்வியமைச்சின் வேலை. எந்தத் தொழிற்சாலை எந்தப் பள்ளிக்கு எவ்வளவு அருகில் இருக்கலாம் என்பது நிலத் திட்டமிடலின் வேலை, அதாவது மாநிலத்தின் வேலை.

கல்வியில் மாநிலத்தின் நேரடிக் கை இரண்டு இடங்களில்தான் உண்டு. ஒன்று, ஜொகூரின் நீண்டகால அடையாளமான பிற்பகல் சமயப் பள்ளிகள். மற்றது, ஜொகூர் கல்வி அறவாரியம் போன்ற உபகாரச் சம்பள அமைப்புகள். மீதியெல்லாம் கல்வியமைச்சு. இருந்தும் கல்வியைப் பற்றி அதிகம் பேசும் மாநிலம் ஜொகூர்தான். 2015-இல் அன்றைய ஜொகூர் சுல்தான், இன்றைய மாமன்னர் சுல்தான் இப்ராஹிம், சிங்கப்பூரைப் போல ஆங்கிலத்தை முதன்மையாகக் கொண்ட ஒரே நீரோட்டக் கல்வி வேண்டும் என்றார். இனப் பிரிவைக் கடந்த ‘பங்சா ஜொகூர்’ என்ற எண்ணத்தின் நீட்சி அது. அண்மையில் அதே பெயரில் மாதிரிப் பள்ளித் திட்டமும் வந்திருக்கிறது; கல்வியமைச்சின் கீழிருக்கும் பள்ளிகளையே தேர்ந்தெடுத்து, வசதியையும் ஆங்கிலத்தையும் உயர்த்துவது.

தமிழ் வாசகர்கள் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள். ஜொகூரில் சுமார் எழுபது தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நாடு முழுவதும் ஐந்நூற்று இருபதுக்கும் மேல், மாணவர்கள் ஏறத்தாழ 80 ஆயிரம். ஒரே நீரோட்டம் என்ற சொல் வரும்போதெல்லாம் நம்மிடையே எழும் அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்த அச்சத்தின் சட்டப் பகுதி இப்போது ஓரளவு தணிந்துவிட்டது. தாய்மொழிப் பள்ளிகள் அரசமைப்புக்கு உட்பட்டவையே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்து மேலே போக, 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அனுமதி தரவில்லை. மாநிலம் விரும்பினாலும் பள்ளி நீரோட்டத்தை மாற்ற அதிகாரமில்லை என்பது வேறு. எனவே ‘தமிழ்ப்பள்ளி இருக்குமா’ என்ற கேள்வியிலேயே மேடைப்பேச்சை எல்லாம் செலவழிப்பது, உண்மையான இழப்பு வேறெங்கோ நடக்க விட்டுவிடுவதாகும்.

அந்த வேறெங்கோ எது? முதலாவது, மீண்டும் நிலம். தோட்டம் விற்கப்பட்டதும் மக்கள் நகரத்தை நோக்கிப் போய்விட, மாணவர் எண்ணிக்கை வற்றி, பள்ளி மட்டும் யாரோ ஒருவரின் நிலத்தில் நின்றுகொண்டிருக்கும். இன்னொரு பக்கம் புதிய குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்கள் பெருகியும் அருகில் பள்ளி இருக்காது. ஸ்கூடாய் லாடாங் ரினி பள்ளியைப் போல, தோட்டமே நகரமாகிவிட, பள்ளி அங்கேயே நின்று நகரப் பள்ளியாக மாறிக்கொண்டதும் உண்டு. எல்லாத் தோட்டத்துக்கும் அந்த வாய்ப்பு அமைவதில்லை. பள்ளியை இடம்மாற்ற உரிமமும் கட்டட நிதியும் கூட்டரசு தரும். நிலத்தை மாநிலமோ மேம்பாட்டு நிறுவனமோ தர வேண்டும். தோட்ட நிலத்தைத் தொழில் நிலமாக மாற்றும் அனுமதியில் பள்ளிக்கென்று சில ஏக்கர் ஒதுக்கச் சொல்லும் அதிகாரம் மாநிலத்துக்கு எப்போதும் இருந்திருக்கிறது. 2022-இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) ஜொகூரில் மூன்று சட்டமன்ற இடங்களை வென்றது. ஆட்சிக்குழுவிலும் இந்தியர் பிரதிநிதி இருக்கிறார். கூரை மாற்றவும் கணினி அறை திறக்கவும் ஒதுக்கீடு கேட்பது தவறில்லை. நிலமாற்ற நிபந்தனையைக் கேட்பது அதைவிடப் பெரிய காரியம்.

இரண்டாவது, ஆறாம் ஆண்டுக்குப் பிறகு. தமிழ்ப்பள்ளி ஆறு ஆண்டுதான். அதன்பின் தேசிய இடைநிலைப் பள்ளி, எஸ்.பி.எம்., அப்புறம்? தரவு மையம் ஒன்று ஓட வேண்டுமானால் மென்பொருள் மேதைகளைவிட அதிகம் தேவைப்படுவது மின்பணியாளர், குளிரூட்டித் தொழில்நுட்பர், சார்ஜ்மேன். உயரழுத்த மின்நிறுவலைக் கவனிக்கத் தகுதிபெற்ற ஆள் இருந்தே ஆக வேண்டும்; தகுதிச் சான்றிதழைத் தருவது கூட்டரசின் எரிசக்தி ஆணையம். நல்ல சம்பளம் உள்ள வேலை, பட்டம் தேவையில்லை. பாசீர் கூடாங்கிலேயே தொழிற்பயிற்சிக் கழகமும், இப்ராஹிம் சுல்தான் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. பத்து பகாட்டில் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் சமூகத்தில் தொழிற்கல்வியை ‘படிப்பு வராதவன் போகும் இடம்’ என்று நினைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. மருத்துவம், சட்டம் என்ற இரண்டு கதவுகளுக்கு முன்னால்தான் நெரிசல். செடெனாக் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் பேரன் செடெனாக் பூங்காவில் சார்ஜ்மேனாக இருப்பதில் என்ன இழுக்கு என்று எனக்குப் புரியவில்லை. இப்போதைக்கு அந்தப் பூங்காவின் வாசல் காவலராக இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் ஒன்று தெரிகிறது. இந்தியாவில் 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது. நீட் தேர்வும், ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதியை மத்திய அரசு நிறுத்திவைத்ததும் அந்தத் திருத்தத்தின் பிள்ளைகள். தமிழ்நாடு 2025 ஆகஸ்டில் தனக்கென்று மாநிலக் கல்விக் கொள்கையையே வெளியிட்டது. அங்கே இழந்த அதிகாரத்தை மீட்கும் போராட்டம் நடக்கிறது. ஜொகூரில் கல்வி மாநிலத்திடம் இருந்த நினைவே யாருக்கும் இல்லை, ஆகவே இங்கே அரசமைப்பைத் திருத்தும் கோரிக்கையால் விரைவில் எதுவும் விளையாது. வரிப் பங்குக் கோரிக்கையும் ஒரு தேர்தலில் தீராது. இருக்கும் கருவியைப் பயன்படுத்துவதே வழி.

அந்தக் கருவி நிலச் சட்டத்தில் இருக்கிறது. விவசாய நிலத்தைத் தொழில் நிலமாக மாற்ற யார் விண்ணப்பித்தாலும், தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆவது பிரிவின்கீழ் மாநில அதிகாரத்திடம் வர வேண்டும். மாநிலம் பிரீமியம் வசூலிக்கலாம், புதிய நிபந்தனை எழுதலாம். இதுவரை அந்தப் பிரிவைப் பெரும்பாலும் வருவாய்க்கான கதவாகவே பார்த்தார்கள். பிரீமியம் ஒருமுறை வரும் காசு. அதே தாளில் மறுசுழற்சி நீர், குடியிருப்பிலிருந்து தூரம், பழைய தோட்ட மக்களுக்கு வீட்டுமனை, பள்ளி நிலம், ஆண்டுக்கு இத்தனை உள்ளூர்ப் பயிற்சி இடங்கள் என்று எழுதினால், பொருளாதாரம், ஆற்றல், கல்வி மூன்றும் ஒரே இடத்தில் பேரம் பேசப்படும். சட்ட வல்லுநர்கள் எந்த நிபந்தனையை நில உரிமையில் எழுதலாம், எதைத் தனி ஒப்பந்தமாக வைக்க வேண்டும் என்று வாதிடட்டும், அதற்குத்தானே அவர்கள்.

இதற்கு வரும் எதிர்வாதம் தெரிந்ததே. நிபந்தனை கூடினால் முதலீட்டாளர் இந்தோனேசியாவின் பாத்தாமுக்கோ தாய்லாந்துக்கோ போய்விடுவார். கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தால் அப்படி நடந்ததாகத் தெரியவில்லை. தடையைத் தளர்த்திய சிங்கப்பூர் 2022-இல் விண்ணப்பம் கோரி, மின்சிக்கனம் முதலான கடும் அளவுகோல்களை வைத்து, 2023-இல் நான்கு தரப்புகளுக்கு மொத்தம் 80 மெகாவாட் மட்டும் கொடுத்தது. வாங்கியவர்களில் மைக்ரோசாஃப்டும் ஈக்வினிக்ஸும் உண்டு. ஜொகூரின் சொந்த அனுபவமும் அதையே காட்டுகிறது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான விண்ணப்பங்களை மறுத்த செய்தி 2024 இறுதியில் வெளிவந்தது. 3,010 கோடி வெள்ளி முதலீட்டோடு ஜொகூர் நாட்டிலேயே முதலிடம் பிடித்தது அதற்கு அடுத்த காலாண்டில்.